விலை: ஒரு பேர்

மலையகத்திலிருந்து சித்திரமும் சிற்பமும் படிக்கப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு,

விடுமுறைக்கு வந்து டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உங்களை மறித்துக் கேட்கும் கேள்வி என் காதிலும் விழுகிறது. "செவுத்துல வாழப்பழத்த ஒட்டி வச்சு கோடிக்கணக்குல வித்தானாமே, நீ படிக்கிறதும் அந்தப் படிப்புதானா?" கேட்பவர் மாமாவாக இருப்பார், பக்கத்து லயத்துப் பெரியப்பாவாக இருப்பார். உங்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறீர்கள். சிலர், "ஒங்களுக்கு அதெல்லாம் வெளங்காது" என்று சொல்லிவிடுகிறீர்கள். இரண்டுமே எனக்கு மனவருத்தமாக இருக்கிறது. கேள்வி நியாயமானது, அதற்குப் பதிலும் இருக்கிறது. நான் சித்திரம் படித்தவனல்லன். வேலை செய்த காலமெல்லாம் தேயிலை ஸ்டோரில் டீமேக்கராக இருந்தவன். ஏலத்தில் ஒரு பொருளுக்கு விலை எப்படி விழுகிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சரியாகச் சொல்லிக்கொள்வோம். இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கத்தெலான் 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமியில் நடந்த கலைச் சந்தையில் ஒரு வாழைப்பழத்தை வெள்ளி நிற டேப்பால் சுவரில் ஒட்டினார். 'காமெடியன்' என்று பெயர் வைத்தார். மூன்று பிரதிகள். அப்போது கேட்ட விலை 120,000 டொலர். 2024 நவம்பர் 20ஆம் திகதி நியூயோர்க்கில் சதபீஸ் நிறுவனம் அவற்றில் ஒன்றை ஏலத்துக்கு விட்டது. எட்டு இலட்சம் டொலரில் தொடங்கிய ஏலம் 52 இலட்சத்தில் நின்றது. ஏலக் கட்டணமும் சேர்ந்து 62 இலட்சம் டொலர். எடுத்தவர் கிரிப்டோ நாணய வியாபாரி ஜஸ்டின் சன். அந்த மாத முடிவிலேயே ஹொங்கொங்கில் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்து, பழத்தை உரித்துத் தின்றார்.

அன்றைய மாற்று வீதத்தில் அது நம் காசுக்கு ஏறத்தாழ 180 கோடி ரூபா. அதே ஆண்டு செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று முடிவானது. வகுத்துப் பாருங்கள், 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட பேர் வரும். (வெளியூர் வாசகருக்காக: தோட்டத்தில் ஒரு முழு நாள் வேலைக்குக் கணக்கில் விழுவது ஒரு பேர்.) ஆண்டுக்கு 300 பேர் விழும் என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு பெண் 4,400 ஆண்டுக்கு மேல் மலைக்குப் போக வேண்டும். உங்கள் மாமா காகிதத்தில் போட்டுப் பார்க்காவிட்டாலும் இந்தக் கணக்கு அவர் வயிற்றில் இருக்கிறது. அதனால்தான் கேட்கிறார்.

தின்ற பிறகு ஜஸ்டின் சன்னின் கையில் மிஞ்சியது ஒரு சான்றிதழ். அவர் வாங்கியதே அதைத்தான். பழம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், எந்தச் சாய்வில் இருக்க வேண்டும், அழுகினால் எப்படி மாற்றுவது என்ற குறிப்புகளும், இது கத்தெலானின் படைப்பு என்ற எழுத்தும். நான் நோர்வூட் கடையில் ஒரு பழம் வாங்கிவந்து ஒட்டினால் அது பழம். சான்றிதழ் உள்ளவர் ஒட்டினால் 'காமெடியன்'. பொருளைவிட எண்ணமே படைப்பு என்று சொல்லும் எண்ணக்கருக் கலையில் இது பழைய வழக்கம்தான். அமெரிக்கரான சோல் லெவிட் 1968இலிருந்தே தன் சுவரோவியங்களுக்குச் செய்முறையை எழுதிக் கொடுத்தார், வேறு ஆட்கள் சுவரில் கோடு போட்டார்கள்.

காகிதத்தில் பெறுமதி ஏறுவது நம் சனத்துக்குப் புதிதில்லை. நம் பாட்டன்மாரின் காலத்தில் துண்டு இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். ஆள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பது அதில் இருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கைமாறியது ஒரு கடதாசி, அதன் பின்னால் குடும்பம் மூட்டை முடிச்சோடு நடந்தது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்த முடிந்தது. அந்தக் கொடுமையையும் பணக்காரர்களின் ஏலத்தையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஆனால் மதிக்க ஒப்புக்கொண்ட நாலு பேர் இருக்கும்வரை ஒரு தாள் எந்தத் தொகையையும் தாங்கும் என்பதை அந்தத் துண்டில் நம் குடும்பங்கள் கண்டிருக்கின்றன. தொகை பெரிதாக இருப்பதனாலேயே தாளுக்குள் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

"இதுல என்ன வேல இருக்கு? எங்கூட்டுச் சின்னதும் ஒட்டும்" என்று ஊரில் சொல்கிறார்கள். இந்த வாதத்தை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். உழைப்பும் கைத்திறனும்தான் விலையைத் தீர்மானிக்கும் என்றால் உங்கள் அம்மாவின் விரலுக்கு இந்த நாட்டில் என்ன விலை கிடைத்திருக்க வேண்டும்? இரண்டு இலையும் மொட்டும், முற்றல் சேராமல், காம்பு நீளாமல், கண் போவதற்கு முன்னே கை ஒடித்துவிடுகிறது. அட்டை கடிக்கும், சாரல் அடிக்கும், சரிவில் கால் வழுக்கும், கை நிற்காது. அந்தக் கை ஒரு நாளில் வருவதில்லை. கொண்டுபோய்க் கொழுந்து மடுவத்தில் தராசில் மாட்டினால் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோவைக் கழித்துத்தான் எழுதுவார்கள். நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்குக் கழித்தார்கள். கேட்ட பெண்ணுக்கு மறுநாள் தூரத்து மலை கிடைத்தது. 1823இலிருந்து கணக்குப் போட்டால் 200 ஆண்டாக நாம் இந்த மலையில் இருக்கிறோம். திறமையைப் பார்த்து விலை போடும் உலகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. வேலையே இல்லாத பொருளுக்கு விலை வந்துவிட்டது என்று நாம் புதிதாகத் திகைக்க ஒன்றுமில்லை.

விலை எங்கிருந்துதான் வருகிறது? எனக்குத் தெரிந்த ஏலத்தைச் சொல்கிறேன். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஜூலையில் தொடங்கியது. 2020இல் கணினித் திரைக்கு மாறும்வரை மண்டபத்தில் உட்கார்ந்து வாயால் கேட்டுத்தான் வாங்கினார்கள். நாங்கள் செய்து அனுப்பும் தேயிலையின் மாதிரி முதலில் புரோக்கர் கம்பனிக்குப் போகும். நீண்ட மேசையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். ருசி பார்ப்பவர் ஒரு கரண்டி அள்ளிச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். ஊறிய இலையை மூடியில் கவிழ்த்து நிறம் பார்ப்பார், முகர்வார். வாட்டலில் அவசரப்பட்டிருந்தாலும், அடுப்பில் சூடு கூடியிருந்தாலும் அந்த நாக்கு கண்டுபிடித்துவிடும். அவருடைய குறிப்பு தோட்டத்துக்கு வரும் நாளில் எனக்குச் சோறு இறங்காது. வாங்குபவரும் அதே மாதிரியைக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார். அதற்கு மேல் தோட்டத்தின் மார்க், அந்த வாரம் ரஷ்யாவும் ஈராக்கும் எவ்வளவு தேடுகின்றன, டொலர் எங்கே நிற்கிறது என்று எல்லாம் சேரும். என்ன சேர்ந்தாலும் அடியில் ஒரு கோப்பைத் தேத்தண்ணி இருக்கிறது. யாரோ குடிக்கப் போகிறார்கள். குடித்தவருக்குப் பிடிக்காவிட்டால் வருகிற வாரங்களில் விலை இறங்கும்.

தேயிலையிலும் அந்த அடி நழுவுவதுண்டு. அஸ்ஸாமின் 'மனோகரி கோல்ட்' தேயிலை 2021 டிசம்பரில் குவாஹாட்டி ஏலத்தில் கிலோ 99,999 இந்திய ரூபாய்க்குப் போனது. விற்றது ஒரே ஒரு கிலோ. பொன்னிற மொட்டுத் தேயிலை அது. அதைச் செய்த கைகளை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் இலட்சத்துக்கு ஒரு ரூபாய் குறைந்த அந்த எண் ருசி பார்த்த நாக்கில் பிறந்ததில்லை, பத்திரிகைத் தலைப்புக்காகப் பிறந்தது. ஒரு கிலோ தேயிலையோடு நாடு முழுவதும் பரவும் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொண்டார் வாங்கியவர். நியூயோர்க்கில் நடந்ததும் அதுதான். 62 இலட்சம் டொலருக்கு உலகத்தின் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்து விளம்பரம் கிடைக்குமென்றால் அந்த வியாபாரத்துக்கு அது மலிவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2007இல் டேமியன் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயக் கலைஞர் ஒரு பிளாட்டின மண்டையோட்டில் 8,601 வைரங்களைப் பதித்தார். ஐந்து கோடி பவுணுக்கு விற்றாயிற்று என்று செய்தி பரவியது. வாங்கிய கூட்டத்தில் அவரும் அவருடைய காலரியும் இருந்தது பிறகு வெளிவந்தது. 2022இல் அவரே சொன்னார், மண்டையோடு இன்னும் லண்டனில் தங்களுடைய பெட்டகத்தில்தான் இருக்கிறதென்று. இப்படியான சந்தையில் விழும் எண்ணை ஒரு படைப்பின் தகுதிக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது.

ஆகவே மாமாவுக்கு நான் சொல்லும் பதில் இது: அந்த விலைக்கு அந்த வாழைப்பழம் தகுதியில்லை. அந்த விலைக்கு எந்தக் கலையும் தகுதியாக முடியாது, ஏனென்றால் அது கலைக்குக் கொடுத்த விலையே இல்லை. கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கேட்டார்கள். எண்ணக்கருக் கலையே பித்தலாட்டம் என்று அவர் அடுத்த அடி எடுத்து வைத்தால் மட்டும் நான் அவர் கையைப் பிடித்து நிறுத்துவேன்.

சீண்டும் கலைக்கு என்னிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது. அது யாரைச் சுடுகிறது? இத்தாலியில் பியரோ மன்சோனி 1961இல் தன் மலம் என்று சொல்லி 90 தகரப் பேணிகளில் 30 கிராம் வீதம் அடைத்து, அதே நிறைத் தங்கத்தின் விலையைப் போட்டார். அருவருப்பாக இருக்கட்டும், கலைஞன் தொட்டதெல்லாம் பொன் என்று வாங்கித் திரிந்தவர்களின் முகத்தில் அது நேராக அறைந்தது. 2016இல் மிலானில் அதில் ஒரு பேணி 275,000 யூரோவுக்குப் போனது. அறை வாங்கியவர்களே அறையையும் விலைக்கு வாங்கிவிட்டார்கள். கத்தெலானின் பழமும் 2019இல் அப்படியொரு கேள்வியாகத்தான் சுவரில் ஏறியது. சந்தை எதை வேண்டுமானாலும் விழுங்கும் என்று காட்ட வந்தது அது, சந்தை அதையும் விழுங்கியது. வாங்கியவர் கமராவின் முன்னால் நிஜமாகவே விழுங்கிக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் படைப்பில் விலையைத் தவிரப் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. அதை நினைத்து எனக்குக் கோபத்தைவிட வருத்தமே வருகிறது.

அந்தப் பழத்தை ஏல மண்டபத்துக்கு அருகே ஒரு தெருவோரப் பழக்கடையில் 35 சதத்துக்கு வாங்கினார்கள். விற்றவர் பங்களாதேஷிலிருந்து வந்து, முதுமையில் அங்கே மணிக்கூலிக்கு நின்றவர். தான் விற்ற பழம் எவ்வளவுக்குப் போனது என்று பத்திரிகைக்காரர் சொன்னபோது அவர் அழுதார். அந்தக் கடையிலேயே ஒரு இலட்சம் பழம் வாங்குவதாக ஜஸ்டின் சன் அறிவித்தார். இலாபம் வந்தாலும் கடை முதலாளிக்குத்தான், கூலிக்கு நிற்பவருக்கு அதில் என்ன? 'காமெடியன்' உண்மையான கலையாக இருந்திருந்தால் அந்த முதியவர் அதற்குள் ஒரு இடத்தில் இருந்திருப்பார். அவர் வெளியே, குளிரில், தள்ளுவண்டியின் பக்கத்தில் நின்றார்.

நம் நாட்டிலேயே சுட்ட கலை இருக்கிறது. சந்திரகுப்த தேனுவர 1997இல் சோதனைச் சாவடித் தகரப் பீப்பாய்களை அதே இராணுவ வர்ணத்தோடு கலைக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். தெருவில் கண்ணை மூடிக்கொண்டு கடந்து போனவர்களை அங்கே நின்று பார்க்க வைத்தார். யாழ்ப்பாணத்தின் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களை அவர்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து கீறச் சொல்லி, 2011இல் 'முழுமையடையாத தோம்பு' என்ற நூலாக்கினார் (தோம்பு என்றால் காணிப் பதிவேடு). வீடு இல்லை, உறுதி இல்லை, தாளில் கோடு மட்டும் இருக்கிறது. அதுவும் காகிதம்தான். நம் மலையகத்தின் ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் வடிகட்டிகளையுமே படைப்பாக்கினார். வடிகட்டியில் தங்குவது எது, கீழே இறங்குவது எது என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னும் பின்னால் போனால் காமன் கூத்து. மாசியில் கம்பம் நட்டு, நாள் கணக்காக ஊரே விழித்திருந்து ஆடி, கடைசியில் காமனை எரித்துவிடுகிறோம். சாம்பலை யாரும் சட்டம் போட்டு மாட்டுவதில்லை. அடுத்த மாசியில் அதே எண்ணத்திலிருந்து புதிதாகச் செய்கிறோம். பொருள் அழிந்தாலும் எண்ணம் நிற்கும் என்பதை மேற்கத்தேயப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்காதீர்கள். காமன் பொட்டலில் நின்ற யாருக்கும் அது தெரியும்.

இப்போது உங்களில் ஒருத்தியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரியும். போன விடுமுறையில் தோட்டத்து மண்டபத்தில் நீங்கள் சிலர் சேர்ந்து படங்கள் வைத்தீர்கள். அவள் படம் எதுவும் கொண்டுவரவில்லை. அம்மா இடுப்பில் கட்டும் படங்கை ஆணியில் மாட்டியிருந்தாள். கழுவாத படங்கு. தேயிலைச் சாயம் கறுப்பாக ஏறி, வாது உராயும் இடத்தில் மட்டும் நூல் நூலாகத் தேய்ந்து, வயிறு படும் இடம் வெளுத்திருந்தது. அதன் கீழே ஒரு துண்டுக் கடதாசியில் 'விலை: ஒரு பேர்' என்று எழுதியிருந்தாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவள் அம்மா வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரவில்லை. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒருவருக்கு அது பிடித்துவிட்டது. இருபத்தையாயிரம் தருகிறேன் என்றார். அவள், "காசுக்கு இல்ல சேர். ஒரு பேர் போட்டுட்டு வாங்க, தந்துடுறேன்" என்றாள். ஒரு நாள் மலைக்குப் போய், நிறை குறையாமல் கொழுந்து எடுத்து, கணக்கப்பிள்ளை கையால் பேர் போட்டு வந்தால் படங்கு அவருக்கு. அவர் முதலில் வேடிக்கை என்று நினைத்தார். பிறகு ஐம்பது என்றார். அவள் தலையை ஆட்டினாள். சிரித்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். பின்வரிசையில் ஒரு கிழவி, "அவரால முடியாதுடி, விடு" என்று சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது.

அன்று இரவு முழுவதும் நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். படங்கை மாட்ட அவளுக்கு ஐந்து நிமிடம் போயிருக்கும்; கத்தெலானுக்கு டேப் ஒட்டப் போன நேரம்தான். அவளும் ஒரு விலையைத்தான் படைப்பாக்கினாள். ஆனால் காசு உள்ளவருக்கு எட்டாத விலையைப் போட்டாள். அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் தினம் கொடுத்துக்கொண்டிருக்கிற விலையைப் போட்டாள். மடுவத்தில் கிலோ கழித்த கை, சம்பளப் பேச்சில் ஐம்பது ரூபாய்க்கு இழுத்த வாய், கோப்பையைத் துப்பிவிட்டுக் குறிப்பெழுதிய நாக்கு, அந்தக் குறிப்புக்காகத் தொழிலாளிகளை விரட்டிய என்னைப் போன்றவர்கள், எல்லோரையும் அது சுட்டது. சீண்டும் கலைக்குப் பெருவிலை தகுமா என்று கேட்டால் அந்தப் படங்கைக் காட்டுவேன். அந்த விலைக்கு அது தகும்.

இதைப் படித்துவிட்டு, காசே வாங்கக் கூடாது என்று இவர் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். வீட்டில் கடன் இருக்கிறது, தம்பி தங்கை படிக்க வேண்டும். கலைஞன் பட்டினி கிடந்தால்தான் கலை சுத்தமாக இருக்கும் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். தோட்டத்து மக்களுக்கு இப்படியான அறிவுரை நிறையவே கிடைத்திருக்கிறது. விற்கும்போது எழுத்தில் விற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் கேட்பது. 2024 ஏலத்தில் வந்த தொகையில் கத்தெலானுக்குப் பங்கு கிடையாது, அது விற்றவருக்கும் ஏல நிறுவனத்துக்கும் போனது. ஐரோப்பாவில் மறுவிற்பனையில் கலைஞருக்குச் சிறு பங்கு கொடுக்கச் சட்டம் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்திலும் 53ஏ பிரிவு அதற்காகவே இருக்கிறது. சட்டம் கைகொடுக்காத இடத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் கைகொடுக்கும். மறுபடி விற்றால் எனக்கு இத்தனை வீதம், காட்சிக்கு வைத்தால் பெயர் போட வேண்டும், பொருள் அம்மாவுடையது என்றால் அம்மாவின் பெயரும் வர வேண்டும். இந்த மூன்றையும் எழுதாமல் எதையும் கொடுக்காதீர்கள். தேயிலை டிக்கோயாவை விட்டு இறங்கிய பிறகு அதன் இலாபம் எங்கெங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். உங்கள் வேலையும் அப்படியே போய்விடக் கூடாது.

சீனக் கலைஞர் ஐ வெய்வெய் ஒரு தொன் பூஅர் தேயிலையை அமுக்கி, மீற்றர் கனத்தில் ஒரு கட்டியாக நிறுத்தியிருக்கிறார். படத்தில் பார்த்தவுடன் என் மனம் கணக்குப் போட்டது: நம் ஸ்டோர்க் கணக்கில் ஒரு தொன் தேயிலைக்கு நாலரை, ஐந்து தொன் பச்சைக் கொழுந்து வேண்டும், நாளுக்கு இருபது கிலோ என்றால் இருநூற்றைம்பது பேர். அதைப் போல ஒன்றை டிக்கோயாவில் நின்று நீங்கள் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. இருநூற்றைம்பது பெண்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஸ்டோர் வேலை எதுவானாலும் சொல்லித் தருகிறேன், தூசித் தேயிலை எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பதும் தெரியும்.

அடுத்த கண்காட்சியை மட்டும் ஜூன், ஜூலையில் வைக்காதீர்கள். அந்த மழையில் சாக்கும் கடதாசியும் காயாது, பூஞ்சணம் பிடித்துவிடும். மாசியில் வையுங்கள். காமன் கூத்துக்கு ஊர் கூடியிருக்கும், நகரத்துக்குப் போன பிள்ளைகளும் வந்திருப்பார்கள். படங்கைக் கழுவாமல் வைத்திருக்கச் சொல்லி அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நானே போய்ச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற டீமேக்கர் ஒருவன்,
டிக்கோயா.